அந்தோனியாருக்குச் சொன்ன ஒரு பவுன்

2017 இல் என் மகளுக்கு டெங்கு வந்தது. அந்த வருடம் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கில் விழுந்தார்கள். கொழும்பில் கட்டில் கிடைப்பதே பெரும்பாடு. காலையும் மாலையும் இரத்தம் எடுத்து, பிளேட்லட் எத்தனை என்று சொல்வார்கள். பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல நாங்கள் அந்த எண்ணுக்காக வார்டு வாசலில் நிற்போம். மூன்றாம் நாள் அது பயங்கரமாக இறங்கியது. நான் பப்பாளி இலை தேடி ஜம்பட்டா வீதி முழுக்க அலைந்தேன். அம்மா நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனார். பிள்ளை எழும்பி வந்தால் ஒரு பவுனில் சங்கிலி செய்து போடுகிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பப்பாளிச் சாறா, சேலைனா, அந்தோனியாரா என்ற வாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு அதில் வாதமே கிடையாது. சொல்லியாயிற்று, கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

கொடுப்பதுதான் முடியவில்லை. அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் காசு சேர்த்தார். தையலில் மிஞ்சியது, பெருநாளுக்கு நாங்கள் கொடுத்தது, சீட்டில் வந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாக. டின்னில் காசு ஏற ஏற பவுனும் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பத்தாயிரம், பதினைந்தாயிரம் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். சின்னதாக ஒரு மோதிரம் செய்து போட்டால் என்ன என்று நான் கேட்டேன். "சங்கிலி எண்டுதான் சொன்னனான்" என்றார். அம்மா மன்னார்ப் பக்கம். நாற்பது வருடமாகக் கொட்டாஞ்சேனையில் இருந்தும் பேச்சு மாறவில்லை, பிடிவாதமும் மாறவில்லை.

கொச்சிக்கடைக்குச் செவ்வாய்க்கிழமை போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். நவநாளுக்கு வருகிறவர்களில் பலர் கத்தோலிக்கரே இல்லை. நெற்றியில் திருநீறு, கையில் பௌத்தர் கட்டும் பிரித் நூல், எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். அந்தக் கோயில் வந்த கதையே ஒரு பேரம்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் ஒளிந்து திரிந்தாராம். கடல் கரையை அரித்துக்கொண்டிருந்தது. இதை நிறுத்தினால் உம்மைக் காட்டிக்கொடுக்கமாட்டோம் என்று மீனவர்கள் சொன்னார்களாம். அவர் மணலில் சிலுவையை நட்டு மன்றாட, மூன்றாம் நாள் கடல் பின்வாங்கியதாம். நீ செய், நாங்கள் செய்கிறோம். இன்றுவரை அங்கே எல்லோரும் கேட்பதும் இதே கணக்கில்தான்.

அந்தோனியாரின் நாக்கின் சிறு துண்டொன்றும் அங்கே திருப்பண்டமாக இருக்கிறது. 1231 இல் இறந்தவர். 1263 இல் பாதுவாவில் கல்லறையைத் திறந்தபோது உடல் மக்கியும் நாக்கு அழியாமல் இருந்தது என்பார்கள். நன்றாகப் பிரசங்கம் செய்தவர், அதனால் நாக்கு. ஆனால் என் பாட்டி அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார். அந்தோனியாரிடம் போய் நாக்குப் புரளக் கூடாது, அவர் நாக்கைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார் என்பார். சின்ன வயதில் எனக்கு அந்தப் பேழையைப் பார்க்கவே பயம்.

சரி, சீட்டுக்கு வருகிறேன்.

அம்மா பல வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறார். பன்னிரண்டு பேர், மாதம் 10,000 ரூபாய், மாதம் ஒருவருக்கு 120,000. பிடிக்கிறவருக்கு முதல் சீட்டு. அதுதான் அவருக்குக் கூலி. அதற்குப் பதில், யாராவது கட்டாமல் போனால் பிடிக்கிறவர்தான் தன் கையிலிருந்து போடவேண்டும். வங்கிப் புத்தகம், ஒப்பந்தம் ஒன்றும் கிடையாது. ஒரு சி.ஆர். கொப்பி, பன்னிரண்டு பெயர், அத்தனைதான். சீட்டில் இருப்பது வெறும் வாய்ச்சொல் என்பதை ஒரு சீட்டு உடையும்போதுதான் நாம் கவனிப்போம்.

2022 ஜனவரியில் தொடங்கிய சீட்டில் இரண்டாவது சீட்டை எடுத்தவர் எங்கள் வரிசையில் நாலாவது வீட்டு அக்கா. ஹட்டன் பக்கம் சொந்த ஊர், மெதடிஸ்ட் சபை. அவருடைய கணவருக்கு ஒரு த்ரீவீலர். அதன் எஞ்சினைச் செய்யத்தான் காசு கேட்டார். பெப்ரவரியில் எடுத்தார், எஞ்சின் செய்தார். மார்ச்சில் ரூபாய் விழுந்தது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடே அறிவித்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்றார்கள். புது எஞ்சினோடு அந்த த்ரீவீலர் பெற்றோல் வரிசையில் நின்றது. அக்காவின் கணவர் அதற்குள்ளேயே படுத்து எழும்பினார். பிறகு பெற்றோலுக்குக் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தபோதும் வாரத்துக்கு 5 லீட்டர். 5 லீட்டரில் எத்தனை ஹயர் ஓடலாம்?

மே வரை அக்கா எப்படியோ கட்டினார். ஜூனில் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. வாசலில் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார். ஏழு மாதம், 70,000 ரூபாய் பாக்கி.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன், இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன். ஜூலையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த உடுப்போடு அக்காவின் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு தாளும் முத்திரையும். ஆகஸ்ட் முதல் மாதாமாதம் 10,000 ரூபாய் தவறாமல் கட்டி முடிக்கிறேன் என்று நானே எழுதியிருந்தேன். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடாததை அப்போது பெரிய பண்பாக நினைத்தேன். அக்கா வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. "கட்டிடுறேன் தம்பி, எப்படியாவது கட்டிடுறேன்" என்று முத்திரைமேல் கையெழுத்து வைத்தார். அடுப்படியில் விறகுப் புகை. காஸ் இல்லாத நாட்கள். அவருடைய சின்ன மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தாளை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"எழுத்து உன்ரை" என்றார். "கையெழுத்து மட்டும் அவளின்ரை."

"அதனாலென்ன?"

"அவளாலை ஏலாதெண்டு உனக்குத் தெரியும்தானே. தெரிஞ்சும் சொல்லவைச்சிருக்கிறாய். இதுவரைக்கும் அவள் கடன்காரி மட்டும்தான். இனிப் பொய்காரியும்."

நான் வாயடைத்துப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. நன்றாகச் சண்டை பிடித்தேன். ஏனென்றால் அடுத்து அம்மா செய்தது அதைவிட மோசமாக எனக்குப் பட்டது. பிஸ்கட் டின்னைத் திறந்து பத்தாயிரத்தை எண்ணி எடுத்தார். சீட்டை இன்னும் எடுக்காத ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன் என்றார். ஜூன் தவணையையும் அதிலிருந்துதான் போட்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, அது அந்தோனியார் காசு!"

சொன்னது நான். ஐந்து வருடமாக அந்தச் சங்கிலியைக் கிண்டல் செய்தவன், அந்தோனியாருக்கு எதற்கு நகை என்று கேட்டவன், அன்று திடீரென்று அந்தோனியாரின் வக்கீல் ஆனேன். கடவுளுக்கு நேர்ந்ததில் கைவைக்கலாமா என்று வேதம் பேசினேன். சபை உரையாளர் புத்தகத்தில் வருவதை எடுத்துவிட்டேன். நேர்ந்துவிட்டுச் செய்யாமல் இருப்பதைவிட நேராமலே இருப்பது நல்லது என்ற வசனம். எனக்குக் கடவுள்மேல் வந்த திடீர் அக்கறையின் விலை 70,000 ரூபாய் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இயேசு ஒரு ஏற்பாட்டைப் பிடித்துத் திட்டுகிறார். கொர்பான் என்று பெயர். ஒருவன் தன் பொருளைக் காட்டி, இது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லிவிட்டால், அதைக்கொண்டு தாய் தகப்பனைப் பார்க்கவேண்டியதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான், பக்தன்தான், ஆனால் தாய் பட்டினி. எத்தனையோ தரம் கோயிலில் கேட்ட பகுதி அது. எப்போதும் பரிசேயரைப் பற்றித்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றியும் என்று தோன்றியதே இல்லை.

அம்மாவுக்கு என் வாதம் உள்ளே உறுத்தியிருக்கவேண்டும். அடுத்த கிழமை ஒரு குருவானவரிடம் போனார், நானும் கூடப் போனேன். அம்மாவுக்கு இரண்டு கேள்வி. நேர்த்திக் காசை எடுத்தது பாவமா? அதைச் செய்து முடிக்காமல் நான் செத்துப்போனால் அது பேத்திமேல் விழுமா?

சுவாமி இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொன்னார். விழாது. 1983 இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இதற்கென்றே சட்டங்கள் இருக்கின்றன, 1191 முதல் 1198 வரை. நேர்த்தி வைத்தவரைத்தான் அது கட்டும், வேறு யாரையும் கட்டாது. இதைக் கேட்டதும் அம்மா விட்ட பெருமூச்சு எனக்கு நினைவிருக்கிறது. ஐந்து வருடம் ஒரு சின்னப் பிள்ளையின் கழுத்தில் ஒரு பவுன் தொங்குவதாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார் இந்தப் பயத்தோடு இருப்பார்களோ. இதைப் பிரசங்கத்தில் ஒரு தரமாவது சொல்லலாமே என்று எனக்கு ஒரு குறை.

முதல் கேள்விக்கு: தனிப்பட்ட நேர்த்தியை அதற்குச் சமமான, அல்லது அதைவிட மேலான ஒரு நன்மையாக அவரவரே மாற்றிக்கொள்ளலாம். அதைவிடக் குறைந்ததாக மாற்றத்தான் அனுமதி வேண்டும். பங்குத் தந்தையே தம் மக்களுக்கு அந்த விலக்கைக் கொடுக்கலாம்.

"அப்ப இது சங்கிலியைவிட மேலா, குறைவா, சுவாமி?" என்று கேட்டார் அம்மா.

சுவாமி சிரித்தார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "சுவாமி விட்டாலும் அவர் விடவேணுமே" என்றார். அந்தச் செவ்வாய் கொச்சிக்கடைக்குப் போய் அரைமணி நேரம் நின்று கதைத்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார் என்று கேட்டேன். "அறிவிச்சிட்டன்." அனுமதி கேட்டதாகச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் நான் எங்கள் சபையின் ஜெபத்தையும் அக்காவின் சபையின் ஜெபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இயேசு கற்பித்த ஜெபத்தில் நாங்கள் சொல்வது நமக்குத் தீமை செய்தவர்களைப் பற்றி. கடன் என்ற சொல்லே எங்கள் வாயில் வராது. அக்கா சொல்வது மத்தேயுவில் உள்ளபடி: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." இரண்டும் ஒன்றுதான், பாவத்தைத்தான் கடன் என்கிறது என்று விளக்குவார்கள். இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பாக்கி வைத்திருக்கும் ஒருவர் கோயிலில் நின்று 'கடன்' என்று வாய்விட்டுச் சொல்வதற்கும், நான் 'தீமை' என்று சொல்லிவிட்டு முத்திரையோடு அவர் வீட்டுக்குப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எனக்கு அந்தச் சொல் இல்லாதது வசதியாக இருந்தது.

அதே மத்தேயுவில் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் இரக்கமற்ற பணியாளன் கதை எல்லோருக்கும் தெரியும். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை அரசர் விட்டுவிடுகிறார். அவனோ தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். பெரிய கடன், சின்னக் கடன் என்றுதான் சின்ன வயதில் படித்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருடம் வேண்டும். அவன் அரசரின் காலில் விழுந்து என்ன சொல்கிறான்? பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன் என்கிறான். நடக்காத காரியம். அவனுக்கும் தெரியும், அரசருக்கும் தெரியும். அரசர் அந்த வாக்கைக் கையில் வாங்கவே இல்லை. தவணை பேசவில்லை. கடனை விட்டார்.

வெளியே வந்து அவன் பிடித்த ஆளும் கிட்டத்தட்ட அதே சொற்களைத்தான் சொல்கிறான். பொறுத்துக்கொள், தந்துவிடுகிறேன். அவனுடைய கடன் நூறு நாள் கூலி. கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் தீர்க்கக்கூடிய கடன். அதாவது காப்பாற்ற முடியாத வாக்கைச் சொன்னவனுக்கு இரக்கம் கிடைத்தது. காப்பாற்றக்கூடிய வாக்கைச் சொன்னவனுக்குச் சிறை. நான் அந்தத் தாளில் எழுதிய வாக்கு எந்த வகை? மாதம் 10,000 என்பது அந்த வருடம் அந்த வீட்டுக்கு பதினாயிரம் தாலந்து. அரசர் வாங்க மறுத்ததை நான் முத்திரை ஒட்டி வாங்கியிருக்கிறேன்.

சொன்ன சொல்லைக் காப்பது விசுவாசிக்கு அழகு என்பதை நான் மறுக்கவில்லை. நட்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவன் என்று திருப்பாடல் 15 ஒருவனைப் புகழ்கிறது. நட்டம் சொன்னவனுக்கு, மற்றவனுக்கு இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விவிலியத்தில் சொல் தவறாத இரண்டு பேர் இருக்கிறார்கள், இப்தாவும் ஏரோதுவும். ஒருவன் நேர்த்திக்காகத் தன் மகளை இழந்தான். மற்றவன் விருந்தாளிகள் முன் இட்ட ஆணைக்காக யோவானின் தலையைத் தட்டில் கொடுத்தான். வாக்கு நின்றது. வேறு யாரோ செத்தார்கள்.

எபிரேயத்தில் ஹெசெத் என்றொரு சொல். உடன்படிக்கைக்கு உண்மையாக நிற்பதும் அதுதான், இரக்கமும் அதுதான். தமிழுக்கு வரும்போது ஓரிடத்தில் கிருபை, ஓரிடத்தில் இரக்கம், ஓரிடத்தில் பேரன்பு என்று உடைந்துவிடுகிறது. திருப்பாடல் 136 இல் 26 வசனத்துக்கும் 26 தரம் வரும் "என்றும் உள்ளது அவரது பேரன்பு" அதே சொல்தான். நாங்கள் கோயிலில் பதில்பாட்டாக, பாதித் தூக்கத்தில், பாடுவோம். வாக்குக் காப்பது ஒரு பக்கம், இரக்கம் மறுபக்கம் என்று தராசு வைத்து நான் அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மொழியில் அதற்கு இரண்டு தட்டே இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கேட்டார். "சரி, அரிசி போடவேணும்" என்று எழும்பினார்.

இரக்கம் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்றும் நான் நினைக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோயிலிலேயே குண்டு வெடித்தது. அடுத்த வருட உயிர்ப்புத் திருவிழாவில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதே கர்தினால்தான் விசாரணை எங்கே, உண்மை எங்கே என்று பிறகும் விடாமல் கேட்டார். இரண்டும் எப்படி ஒரு வாயில் வரும் என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. வெடித்தவனை மன்னிப்பது வேறு. உண்மையைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொன்னவர்களை அந்தச் சொல்லிலிருந்து விடுவிப்பது வேறு.

டிசம்பரில் சீட்டு முடிந்தது. எல்லோருக்கும் முழுக் காசும் போனது. டின்னில் சில்லறைதான் மிச்சம். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தான் பாக்கியை அடைத்ததையும் அம்மா சொல்லவில்லை. ஆனால் எங்கள் வரிசையில் எது மறைந்தது?

அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்திய ஒரு மாலை அக்கா வந்தார். கையில் ஒரு என்வலப். "ஐந்நூறு ரூபா இருக்கு ஆன்ட்டி. வேற ஒண்ணும் இப்ப முடியல."

நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வேண்டாம் என்று சொல்வார், கையைப் பிடித்துக்கொள்வார், இரண்டு பேரும் அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா என்வலப்பை வாங்கி, காசை வெளியே எடுத்து, எண்ணினார். ஒரே ஒரு தாள். அதையும் எண்ணினார். "சரி பிள்ளை, ஐந்நூறு" என்றார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

அக்கா போனபிறகு கேட்டேன், அந்த ஐந்நூறையாவது விட்டிருக்கக் கூடாதா என்று.

"அவள் சொன்ன சொல்லை அவள் காப்பாத்த வந்திருக்கிறாள். அதை நான் ஏன் பறிக்க?"

அதன்பிறகு அக்கா வருகிறார். சில மாதம் ஐந்நூறு, சில மாதம் ஆயிரம், சில மாதம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத மாதத்திலும் வந்து இருந்து கதைத்துவிட்டுப் போவார். என்னைக் கண்டால் இப்போது உள்ளே போவதில்லை. நான்தான் சிலநேரம் போய்விடுகிறேன்.

போன மாதம் வேறு எதையோ தேடி டின்னைத் திறந்தேன். காசின் அடியில் அந்தத் தாள். முத்திரை மஞ்சளாகிப்போயிருந்தது. கிழித்துப்போடலாம் என்று எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க அம்மாவின் பென்சில் எழுத்து. இடப்பக்கம் மாதமும், அக்கா கொடுத்ததும்: 500, 1000, 500, ஒரு கோடு, 500. வலப்பக்கம் அந்தந்த மாதத்துப் பவுன் விலை. கடைசி வரியில் 1000. அதற்கு நேரே பவுன் விலையை எழுதி, அடித்து, கூடுதலாக இன்னொன்றை எழுதியிருந்தார்.